‘ஃபேர்’ என்ற ஆங்கிலப் பெயரடை: எங்கே ‘நியாயமான’, எங்கே வேறு?

நொய்யல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் பணியில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். சட்டம், மருத்துவம், வணிகம், செய்தி என்று கலந்து வரும் கோப்புகளில் ‘ஃபேர்’ என்ற பெயரடை இடத்துக்கு இடம் வேறொரு பொருளைத் தாங்கி நிற்கிறது. நியாய விலைக் கடை என்று நெடுங்காலமாகச் சொல்லிப் பழகியிருப்பதால், அந்தச் சொல்லைக் கண்டதும் ‘நியாயமான’ என்று எழுதத்தான் மனம் முந்துகிறது. ஆனால் அமெரிக்க மருத்துவமனை அறிக்கையில் நோயாளியின் நிலை ‘ஃபேர்’ என்றும், பழைய புத்தகப் பட்டியலில் நூலின் நிலை ‘ஃபேர்’ என்றும், திருமண விளம்பரத்தில் பெண்ணின் நிறம் ‘ஃபேர்’ என்றும், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவில் ‘ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர்’ என்றும் வரும்போது ‘நியாயமான’ எங்கும் ஒட்டவில்லை.

இவையெல்லாம் ஒரே சொல்லின் பொருள்களா, அல்லது ஒலியால் ஒன்றுபோலத் தோன்றும் வெவ்வேறு சொற்களா? ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருள் உரியது என்பதை முடிவு செய்ய நம்பத்தகுந்த வழி ஏதேனும் உண்டா? இச்சொல் இடம்பெறும் மரபுத்தொடர்களைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரும்பலகை (மறுமொழி)

வணக்கம் அம்மா. நெடுங்காலம் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட எல்லா இடங்களிலும் வருவது ஒரே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘அழகிய’, ‘இனிய’ என்று பொருள்பட்டது. அதன் உறவுச்சொல் கோத்திக் மொழியில் ‘பொருத்தமான’ என்ற பொருளில் வழங்கியது. அழகு என்பதிலிருந்து ‘மாசற்றது’, ‘தடையற்றது’ என்ற கருத்து கிளைத்தது என்று கொண்டால் பிற பொருள்கள் எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். மேகமூட்டம் இல்லாத வானமும், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்துப் படியும், கறையில்லாத நடத்தையும், ஒரு பக்கம் சாயாத தீர்ப்பும் இந்த ஒரே சொல்லால் குறிக்கப்பட்டதற்கு இதுவே அடிப்படை. 13, 14ஆம் நூற்றாண்டுகளிலேயே வெளிர் நிறம், பாரபட்சமின்மை, பயணத்துக்கு உகந்த காற்று ஆகிய பொருள்கள் ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்துவிட்டன.

ஒலியால் மயங்கக்கூடிய சொற்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். புத்தகத் திருவிழா, வணிகச் சந்தை ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்ச்சொல்லான ‘ஃபேர்’, திருநாளைக் குறிக்கும் ‘ஃபேரியா’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிறப்பு வேறு. பேருந்துக் கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபேர்’ பயணம் செய்தலைக் குறிக்கும் பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது. அதற்கு எழுத்தும் வேறு. தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல் தோன்றுவதால் ஒலிபெயர்த்து எழுதுகிறவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்வியே முதன்மையானது. என் மாணவர்களுக்கு நான் சொல்லிவந்த வழி, அந்த இடத்தில் ‘ஃபேர்’ என்பதற்கு எதிர்ச்சொல் எது என்று கேட்டுப் பார்ப்பதுதான். நிறத்தைப் பற்றிய பேச்சில் எதிர்ச்சொல் ‘டார்க்’. பள்ளிக் குறிப்பேட்டில் எதிர்ச்சொல் ‘ரஃப்’; தமிழ்நாட்டு மாணவர்கள் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று சொல்வது இந்தப் பொருளில்தான். விசாரணையையும் தேர்தலையும் பற்றிய பேச்சில் எதிர்ச்சொல் ‘அன்ஃபேர்’ அல்லது ‘பயஸ்ட்’. வானிலையிலும் விளையாட்டிலும் எதிர்ச்சொல் ‘ஃபவுல்’. இந்த ‘ஃபவுல்’ என்ற சொல்லின் வீச்சைக் கவனியுங்கள்: ஃபவுல் வெதர் என்றால் கெட்ட வானிலை, ஃபவுல் பிளே என்றால் முறைகேடான ஆட்டம் அல்லது சதிச்செயல், ஃபவுல் பேப்பர்ஸ் என்றால் எலிசபெத் காலத்து நாடகாசிரியர்களின் திருத்தங்கள் நிறைந்த கரட்டுப் படி. இவை மூன்றுக்கும் எதிரே நிற்பது ‘ஃபேர்’ என்ற ஒரே சொல். ‘பை ஃபேர் மீன்ஸ் ஆர் ஃபவுல்’ என்ற தொடரும் இந்த இணையிலிருந்து பிறந்ததுதான். ‘நேர்வழியிலோ குறுக்கு வழியிலோ’ என்று அதைத் தயக்கமின்றித் தமிழாக்கலாம்.

எதிர்ச்சொல்லே இல்லாமல், ஒரு தரவரிசையின் நடுவே ‘ஃபேர்’ நிற்கும் இடங்களும் உள்ளன. மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். அமெரிக்க மருத்துவமனைகள் நோயாளியின் நிலையைப் பொதுவாக குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல் என்று வகைப்படுத்துகின்றன. அங்கே ‘ஃபேர்’ என்றால் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்ற உயிர்க்குறிகள் சீராக இருக்கின்றன, நோயாளிக்கு நினைவு இருக்கிறது, ஆனால் அவருக்குச் சிறிது உபாதை இருக்கக்கூடும் என்று பொருள். ‘ஓரளவு சீரான நிலை’ என்று எழுதலாம். ‘நியாயமான நிலை’ என்று எழுதினால் நோயாளியின் உறவினருக்கு எதுவும் புரியாது. பழைய புத்தக வணிகத்திலும் ‘ஃபேர்’ என்பது ‘குட்’ என்பதற்குக் கீழ்ப்பட்ட தரம்: நூலின் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றன, ஆனால் நூல் நன்கு தேய்ந்திருக்கிறது, முகப்புக்கு அடுத்த வெற்றுத்தாள் போன்றவை இல்லாமலும் போயிருக்கலாம் என்று பொருள். ‘நல்ல நிலை’ என்று மொழிபெயர்த்தால் வாங்குபவர் ஏமாறுவார். ‘தேய்ந்தது, பக்கங்கள் முழுமை’ என்று விரித்து எழுதுவதே நேர்மை. ஆசிரியர் மாணவரின் கட்டுரையில் ‘ஃபேர்’ என்று குறித்தால் அது பாராட்டு அன்று; ‘சுமார்’ என்பதே அதன் உண்மையான எடை.

அழகின் உச்சத்தைக் குறித்த சொல் ‘சுமார்’ என்ற அளவுக்கு இறங்கியது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. அமெரிக்கப் பருத்தி வணிகத்தில் ‘மிட்லிங்’ என்பது நடுத்தரப் பஞ்சையும் ‘ஃபேர்’ என்பது அதற்கு மேற்பட்ட தரத்தையும் குறித்தன. இன்று நலம் விசாரிக்கும்போது ஒருவர் ‘ஃபேர் டு மிட்லிங்’ என்று விடை சொன்னால், ‘ஏதோ பரவாயில்லை’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஆவணக்கட்டு (மறுமொழி)

பெரியவர் சொன்னதற்குச் சட்டத் துறையிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவன்.

‘ஃபேர் அண்ட் டிக்ரீட்டல் ஆர்டர்’ என்ற தொடர் சென்னை உயர் நீதிமன்றத்தின் குடிமையியல் சீராய்வு மனுக்களில் மீண்டும் மீண்டும் வரும். கீழமை நீதிமன்றத்தின் உத்தரவை நீக்கக் கோருகிறவர், காரணங்களுடன் கூடிய முழு உத்தரவின் தெளிந்த படியையும், அதன் முடிவைச் சுருக்கி முறைப்படி வரைந்த ஆணையையும் சேர்த்தே அப்படிக் குறிப்பிடுகிறார். எனவே அங்கே ‘ஃபேர்’ என்பது உத்தரவின் நியாயத்தைப் பற்றிய கருத்து அன்று. உத்தரவு அநியாயமானது என்று வாதிடுகிற மனுவிலேயே அதை ‘நியாயமான உத்தரவு’ என்று மொழிபெயர்த்து வைத்தால் மனுவின் பொருளே தலைகீழாகிவிடும். பெரியவர் குறிப்பிட்ட ஃபேர் நோட்டின் பொருள்தான் இங்கும். இதற்குத் தமிழில் ‘செம்பிரதி’ என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. அச்சுக்குச் செல்லும் கையெழுத்துப் படியைச் செம்பிரதி எடுப்பது என்று எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் சொல்வார்கள். அரசு அலுவலகக் கோப்புகளில் வரைவுக்கு எதிராகத் ‘தூய நகல்’ என்று எழுதுவதும் உண்டு.

நீதியைக் குறிக்கும் பொருளில் வரும்போது சிக்கல் வேறு வகையானது. மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 21ஆவது பிரிவுக்குத் தந்த விளக்கத்துக்குப் பிறகு, ஒருவரின் உயிரையோ தனிமனித உரிமையையோ பறிக்கும் நடைமுறை ‘ஃபேர்’, ‘ஜஸ்ட்’, ‘ரீசனபிள்’ ஆகிய மூன்றாகவும் இருக்க வேண்டும் என்பது தீர்ப்புகளில் நிலைபெற்றுவிட்டது. இம்மூன்றையும் தனித்தனியே பார்த்தால் ‘நியாயமான’ என்ற ஒரே சொல்லை நாம் மூன்றுக்கும் வழங்கிவருவது தெரியும். ஒரே வாக்கியத்தில் மூன்றும் அடுத்தடுத்து வரும்போது அந்த வழி அடைபட்டுவிடுகிறது. நான் ‘ஜஸ்ட்’ என்பதற்கு நீதியான என்றும், ‘ரீசனபிள்’ என்பதற்கு நியாயமான என்றும், ‘ஃபேர்’ என்பதற்கு நேர்மையான அல்லது நடுநிலையான என்றும் பிரித்து எழுதுகிறேன். ‘ஃபேர் ஹியரிங்’ என்பதை நடுநிலையான விசாரணை என்று எழுதும்போது, மறுதரப்பையும் கேட்க வேண்டும் என்ற இயற்கை நீதிக் கோட்பாடும் அதில் ஒலிப்பதை உணர்கிறேன்.

விலை, வாடகை, கூலி, இழப்பீடு ஆகியவற்றுக்கு முன்னே வரும் ‘ஃபேர்’ பெரும்பாலும் ஒரு கணக்கைக் குறிக்கும் சட்டச்சொல். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘ஃபேர் ரென்ட்’ என்பது, திருத்தத்துக்குப் பின், கட்டடத்தின் மொத்த மதிப்பில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு, மற்றவற்றுக்கு 12 விழுக்காடு என்று வகுக்கப்பட்டிருந்தது. கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலையின் பெயர் 2009இல் மாறியபோது, ‘ஃபேர்’ என்ற சொல் அதற்குள் நுழைந்தது. அதற்கு முன்பு அது சட்டப்படியான குறைந்தபட்ச விலை என்றே அழைக்கப்பட்டது. நிலம் எடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘ஃபேர் காம்பன்சேஷன்’ இருக்கிறது. இந்த இடங்களில் ‘நியாயமான’ என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். நியாய விலை, நியாய வாடகை, நியாயமான இழப்பீடு ஆகியவை மக்களின் நாவில் ஊறிப்போனவை. வேறு சொல் தேடி அவற்றைக் கலைக்க வேண்டிய தேவை இல்லை.

பதிப்புரிமைக் கோப்புகள் வந்தால் ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். நம் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு பேசுவது ‘ஃபேர் டீலிங்’. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆவது பிரிவு பேசுவது ‘ஃபேர் யூஸ்’. இரண்டாவது, நான்கு காரணிகளை எடைபோட்டுத் தீர்மானிக்கப்படுவது. முதலாவது, சட்டம் குறிப்பிட்ட நோக்கங்களுக்கு உட்பட்டது. ‘ஃபேர் டீலிங்’ என்பதை நியாயமான கையாளுகை என்றும் ‘ஃபேர் யூஸ்’ என்பதை நியாயப் பயன்பாடு என்றும் வேறுபடுத்தி எழுதுவது நல்லது.

கலங்கரை (மறுமொழி)

செம்பிரதி என்ற சொல்லை நண்பர் எடுத்துக்காட்டியது, இந்த விவாதத்தின் மையத்தையே தொடுகிறது என்று நினைக்கிறேன். ‘ஃபேர்’ பெற்றிருக்கும் இதே பொருள் விரிவைத் தமிழில் ‘செம்மை’ பெற்றிருக்கிறது. நம் அகராதிகளில் செம்மைக்குச் சிவப்பு, நேர்மை, மனக்கோட்டமின்மை, தூய்மை, அழகு, வளையாமை என்று பொருள்கள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். முறை தவறாத அரசு செங்கோல். அதற்கு எதிரானது வளைந்த கோலாகிய கொடுங்கோல். நேராக நிற்பது செங்குத்து. பிழையற்ற படி செம்பிரதி. வெளிர் நிறத்தவரைத் தமிழர்கள் வெள்ளை என்று சொல்வதைவிடச் ‘சிவப்பாக இருக்கிறார்’ என்று சொல்வதே மிகுதி. திருக்குறளின் 12ஆவது அதிகாரமான நடுவுநிலைமையில் நடுநிலையைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் ‘செப்பம்’. அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அழகையும் நிறத்தையும் நேர்மையையும் தெளிந்த எழுத்தையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பது விந்தை என்று நாம் நினைக்கத் தேவையில்லை. அதே கட்டு நம் மொழியில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆகவே ‘நியாயமான’ பொருந்தாத இடத்தில், ‘செம்’ என்று தொடங்கும் சொற்களில் ஒன்று உதவுமா என்று முதலில் தேடிப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

வானிலைக் குறிப்புகளுக்கும் ஒரு சொல். பழைய காற்றழுத்தமானிகளின் முகப்பில் ‘ஸ்டார்மி’, ‘ரெயின்’, ‘சேஞ்ச்’, ‘ஃபேர்’, ‘வெரி டிரை’ என்று பொறித்திருப்பார்கள். அங்கே ‘ஃபேர்’ என்பது மழையற்ற, தெளிந்த வானிலை. கப்பலோட்டிகளுக்கோ ‘ஃபேர் விண்ட்’ என்பது போகும் திசைக்கு உதவும் காற்று. வெறும் இளங்காற்று என்று எழுதிவிடக் கூடாது. கப்பல் தடையின்றிச் செல்லும் ஆழமான கால்வாய்க்கு ‘ஃபேர்வே’ என்று பெயர், அந்தப் பெயரே பிற்பாடு கோல்ஃப் ஆடுகளத்தின் செப்பமான புல்வெளிக்கும் சென்றது. மழைக்காலத்தில் பயன்படாத சாலையைப் பொறியாளர்கள் ‘ஃபேர் வெதர் ரோடு’ என்பார்கள். ‘கோடைக்காலச் சாலை’ என்றால் கேட்பவருக்கு உடனே விளங்கும்.

கரும்பலகை (மறுமொழி)

செம்மையைப் பற்றிய கருத்தை மனமார ஏற்கிறேன். ஆனால் ஒரு வரம்பு உண்டு. ‘ஃபேர்’ சுமார் என்ற தரத்துக்கு இறங்கியது போலச் ‘செம்மை’ ஒருநாளும் இறங்கவில்லை. செம்மையான கட்டுரை என்றால் அது சிறந்த கட்டுரைதான். ஆகவே தரவரிசைகளில் இந்த வழி பயன்படாது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அழகையும் வெளிர் நிறத்தையும் ஒரே சொல் குறித்தது ஆங்கிலத்தின் சொல்வளம் பற்றிய செய்தி மட்டுமன்று. அதைப் பேசியவர்கள் எதை அழகு என்று கருதினார்கள் என்பதன் பதிவும்கூட. 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளில் 127ஆவது, முற்காலத்தில் கறுப்பு ‘ஃபேர்’ என்று எண்ணப்படவில்லை என்று தொடங்கும்போது, அந்த இரு பொருள்களையும் ஒன்றோடொன்று மோத விடுகிறது. நம் நாட்டில் 1975இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி களிம்பின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ 2020இல் நீக்கப்பட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனதும் இதே முடிச்சைப் பற்றியதுதான். திருமண விளம்பரத்தை மொழிபெயர்க்கும்போது ‘அழகிய’ என்று மழுப்பாமல் ‘வெளிர் நிறம்’ அல்லது ‘சிவந்த நிறம்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நிறத்தை அழகாக மாற்றிக் காட்டும் வேலையை மொழிபெயர்ப்பாளர் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நொய்யல் (கேள்வியாளர்)

உங்கள் மூவருக்கும் மிகுந்த நன்றி. எதிர்ச்சொல்லைத் தேடும் வழி என் கோப்பிலிருந்த பெரும்பாலான இடங்களைத் தெளிவாக்கிவிட்டது. உரையாடலில் வரும் தொடர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ‘ஃபேர் எனஃப்’, ‘டு பி ஃபேர்’, ‘ஃபேர் கேம்’, ‘ஃபேர் வெதர் ஃபிரெண்ட்’ ஆகியவற்றுக்கும், ‘ஃபேர்லி’ என்ற வினையடைக்கும் எதிர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கவில்லை.

கரும்பலகை (மறுமொழி)

உண்மை. மரபுத்தொடர்களில் எதிர்ச்சொல் பயன்படாது. பேசுகிறவர் அதைச் சொல்லி என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். ‘ஃபேர் எனஃப்’ என்பவர் எதிராளி சொன்னதை முழுமனதோடு பாராட்டவில்லை. ‘சரி, அதுவும் நியாயம்தான்’ என்று ஓர் அளவுக்கு விட்டுக்கொடுக்கிறார். ‘டு பி ஃபேர்’ என்று தொடங்குகிறவர், தாம் குறை சொல்லிக்கொண்டிருப்பவருக்குச் சார்பாக ஒன்றைச் சொல்லப் போகிறார். ‘உள்ளதைச் சொல்வதானால்’, ‘அவர் பக்கத்தையும் பார்த்தால்’ ஆகியவை இடத்துக்கு ஏற்பப் பொருந்தும். ‘நியாயமாக இருக்க வேண்டுமானால்’ என்று எழுதினால் அது அறிவுரைபோல ஒலித்துப் பொருள் மாறிவிடும்.

‘ஃபேர் கேம்’ வேட்டையிலிருந்து வந்தது. வேட்டையாட அனுமதிக்கப்பட்ட விலங்கு என்பது அதன் முதற்பொருள். பொதுவாழ்வில் இருப்பவரின் செயல்கள் ‘ஃபேர் கேம்’ என்று செய்தித்தாள் எழுதினால், ‘விமர்சனத்துக்கு உட்பட்டவை, விலக்குக் கோர முடியாதவை’ என்று பொருள். ‘ஃபேர்’ என்பது இங்கே நேர்மையைக் காட்டிலும் அனுமதியைக் குறிக்கிறது. காதலிலும் போரிலும் எல்லாம் ‘ஃபேர்’ என்ற பழமொழியிலும் அப்படித்தான்.

‘ஃபேர் வெதர் ஃபிரெண்ட்’ என்பதற்கு நல்ல வானிலை நண்பன் என்று எழுத வேண்டிய இக்கட்டு தமிழுக்கு இல்லை. அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை என்று ஔவையார் மூதுரையில் சொன்னது இவரைத்தான். நடை எளிமையாக இருக்க வேண்டுமானால் ‘வாழ்ந்தால் ஒட்டிக்கொண்டு தாழ்ந்தால் விலகும் நண்பர்’ என்று எழுதலாம்.

‘ஃபேர்லி’ என்பதற்கு இடத்தைக் கவனித்தால் போதும். வினையைத் தழுவி வரும்போது, நடத்துதல், பகிர்தல், தீர்ப்பளித்தல் போன்ற சொற்களோடு, ‘பாரபட்சமின்றி’ என்று பொருள். பெயரடைக்கு முன்னே வந்தால் ‘ஓரளவு’ அல்லது ‘ஏறத்தாழ’ என்று பொருள். ‘எ ஃபேர் அமௌன்ட்’ என்பதிலும், பிரிட்டன், ஆஸ்திரேலியப் பேச்சில் வரும் ‘எ ஃபேர் ஃபியூ’ என்பதிலும் ‘கணிசமான’ என்ற அளவுப்பொருளே உள்ளது. ஒன்றிரண்டு என்று குறைத்து எழுதிவிடாதீர்கள். ஆஸ்திரேலியக் கோப்பு எதிலேனும் ‘ஃபேர் கோ’ வந்தால், யாருக்கும் ஒரு வாய்ப்பு மறுக்கப்படக் கூடாது என்று அந்நாட்டினர் பெரிதும் மதிக்கும் கருத்து அதில் இருக்கிறது. ‘சமமான வாய்ப்பு’ என்று எழுதினால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆவணக்கட்டு (மறுமொழி)

பெரியவரின் பட்டியலோடு ‘ஃபேர் காப்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா; பிரிட்டன் குற்றவழக்குகளைப் பற்றிய எழுத்துகளில் வரும். பிடிபட்டவர் மறுப்பேதும் சொல்லாமல், தாம் பிடிபட்டது முறையானதே என்று ஒப்புக்கொள்ளும் சொல் அது. ‘நேர்மையான காவலர்’ என்று மயங்க இடமுண்டு, ஏனெனில் ‘காப்’ என்பதற்குக் காவலர் என்ற பொருளும் உண்டு. இங்கே அதன் பொருள் பிடித்தல், கைது செய்தல். வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளப்படக்கூடிய தொடர் என்பதால், ‘மாட்டிக்கொண்டேன், மறுக்கவில்லை’ என்று அதன் ஒப்புதல் பொருள் முழுவதும் வெளிப்படுமாறு மொழிபெயர்ப்பது முக்கியம்.